கல்யாணத்துக்குத் தோதான கிழமை

"சனிக்கிழமை கல்யாணம் வெச்சா வானம் இடிஞ்சா விழுந்துடும், அண்ணே?"

"என் தலைமேல விழும்டா! ஓய்வுநாள்ல என்னை நாற்காலி தூக்கச் சொல்றியா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் நான் தூக்கணுமா? அது கர்த்தருடைய நாள்!"

"யாருடா மாத்தினது? ஏழாம் நாள்னு கல்லுல எழுதிக் குடுத்திருக்கு. கல்லுல!"

"கல்லைப் புரட்டிப் போட்டுட்டு எழுந்து வந்தாரே, அது எந்த நாள்?"

காலை ஏழு மணிக்குச் சலவைக் கடையிலிருந்து கிளம்பிய சத்தம் எதிர்வீட்டு மாடிவரை போனது. மாடியில் இருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தவில்லை. பாதி திறந்திருந்ததை முழுக்கத் திறந்து வைத்தார்கள்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வேதம், ஒரே கடை. கிழமை மட்டும்தான் வேறு. அண்ணனுடைய சபை சனிக்கிழமையை ஆசரிக்கிறது, தம்பியுடையது ஞாயிற்றுக்கிழமையை. தெருவில் யாரும் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆறு வருஷமாகிறது. ஒருவர் சனிக்கிழமைக்காரர், இன்னொருவர் ஞாயித்துக்கிழமைக்காரர், அவ்வளவுதான். இதனால் தெருவுக்கு லாபமே தவிர நஷ்டமில்லை. சனிக்கிழமை தம்பி கடை திறப்பான், ஞாயிறன்று அண்ணன். வாரத்தில் ஏழு நாளும் துணி போடலாம். இந்தச் சண்டை தீரவே கூடாது என்று ஜெபம் பண்ணிய வாடிக்கையாளர்கள்கூட உண்டு.

அவஸ்தையெல்லாம் தங்கச்சிக்குத்தான். கல்லாவில் உட்கார்ந்து ரசீது எழுதும் அந்தப் பெண்ணுக்கும் லிப்ட் மெக்கானிக் ஒருவனுக்கும் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி போய்ச் சேரவேண்டும். கம்பெனி வீடு, கல்யாணமானவர்களுக்கு மட்டும். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தவறினால் வீடும் போய்விடும், அவனும் தனியாகப் போய்விடுவான்.

"சனி, ஞாயிறு ரெண்டும் வேண்டாம், பெரியண்ணே. ஏதாவது வாரநாள்ல வெச்சுக்கலாமே?" என்றாள்.

அண்ணன் தன்னை மகா நியாயஸ்தர் என்று நம்புகிறவர். கண்ணை மூடி யோசித்தார். "ஆறு நாளும் வேலை செய்யணும்னும் அதே கட்டளைலதாம்மா இருக்கு. நமக்குப் பிடிச்ச பாதியை மட்டும் எடுத்துக்க முடியுமா?"

"அண்ணன் சொல்றது சரிதான்" என்றான் தம்பி.

ஆறு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். தங்கச்சி ரசீதுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் மெக்கானிக்கே ஒரு வழியோடு வந்தான். "சனிக்கிழமை சூரியன் அஸ்தமிச்சதும் உங்க ஓய்வுநாள் முடிஞ்சுடுதில்லையா, மச்சான்? ஆறரைக்கு வெச்சுக்கலாம். ஞாயிறு பொறக்கத்தான் நடுராத்திரி ஆகணுமே."

அண்ணன் முகம் மலர்ந்தது. தம்பி முகம் சுருங்கியது.

"அதெப்படி? சாயங்காலத்தோட ஒரு நாள் முடிஞ்சா, அடுத்த நாள் அப்பவே ஆரம்பிச்சுடுச்சுன்னுதானே அர்த்தம்? அண்ணன் கணக்குப்படியே பார்த்தா ஆறரைக்கு ஞாயித்துக்கிழமை!"

"என் கணக்கை நீ ஏண்டா எடுக்கிறே?"

"உங்களுக்கு வேண்டாம்னு ஆனப்புறம் எடுக்கக் கூடாதா?"

மெக்கானிக் பழுதான லிப்ட்டைப் பார்ப்பதுபோல் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

கடைசியில் இரண்டு சபைப் போதகர்களையும் அழைத்தார்கள். நல்ல மனிதர்கள், ஜெபத்தோடுதான் ஆரம்பித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் கிழமை காணாமல் போய், ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்பதில் வந்து நின்றது. ஒரு சண்டையைத் தீர்க்கக் கூப்பிட்டால் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. போகும்போது சனிக்கிழமைப் போதகர் தம்பியிடம் ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் போதகர் அண்ணனிடம் அதைவிடத் தடித்ததைக் கொடுத்தார்.

மறுத்து எழுதுவதற்காகவே அண்ணன் அதைப் படிக்கத் தொடங்கினார். மதிய வேளைகளில் அழுக்குப் போர்வைக் குவியலில் சாய்ந்துகொண்டு, சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் 'தப்பு', 'தப்பு' என்று எழுதிக்கொண்டே போனார். நாற்பதாம் பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது.

விடியுமுன் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றி அங்கே எழுதியிருந்தது. முந்தின நாள் முழுக்கக் கட்டளைப்படி ஓய்ந்திருந்தார்கள். அழுதுகொண்டே ஓய்ந்திருப்பது என்ன ஓய்வு? மறுநாள் போனால் கல் புரண்டு கிடக்கிறது. அந்த விடியற்காலையைக் கொண்டாடுகிறவனையா ஆறு வருஷமாக அரைக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்? கூடப் பிறந்தவனை! ஆறு வருஷச் சனிக்கிழமைகளும் அவர் கண்முன் கழற்றிப்போட்ட சட்டைகளாகக் கிடந்தன. கூடவே, தங்கச்சி கல்யாணம் இனி நடந்துவிடும் என்ற நினைப்பும் வந்தது. மனசு இஸ்திரி போட்ட மாதிரி ஆயிற்று.

புதன்கிழமை காலை கடை திறந்ததும் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், இப்படி உட்கார். நான் தோத்துட்டேண்டா."

"நானும்தான் அண்ணே" என்றான் தம்பி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

கட்டிக்கொண்டார்கள். எதிர்வீட்டு மாடியில்கூட யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"வர்ற சனிக்கிழமையே வெச்சுடலாம்டா. எனக்கு இனிமே ஞாயிறுதான் கர்த்தருடைய நாள்."

தம்பியின் கை நழுவியது. "சனிக்கிழமையா? எப்படிண்ணே? உங்க போதகர் குடுத்த புஸ்தகத்தைப் படிச்சு நான் சனிக்கிழமைக்கு மாறிட்டேனே! ஞாயித்துக்கிழமை வைங்க."

"ஞாயித்துக்கிழமையா! உயிர்த்தெழுந்த நாள்ல என்னை நாற்காலி தூக்கச் சொல்றியா?"

"முந்தாநாள் வரைக்கும் கல்லு கல்லுன்னு கத்தினது யாரு?"

"நீ மட்டும் என்னடா, நேத்து முளைச்ச சனிக்கிழமைக்காரன்!"

இந்த முறை சண்டை வேகமாகவே நடந்தது. ஒருவர் வாதம் இன்னொருவருக்கு மனப்பாடம்தானே! அண்ணன் தம்பியின் பழைய வசனங்களை வீச, தம்பி அண்ணனுடையதைத் திருப்பி வீசினான். துணி போட வந்தவர்கள் நின்று கேட்டுவிட்டு, மூட்டையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு மணிக்கு இருவருக்கும் குரல் கம்மிவிட்டது.

"தங்கச்சியையே கேட்டுடுவோம்" என்றார் அண்ணன். "அவ எந்தக் கிழமை சொல்றாளோ அதுக்குக் கட்டுப்படுவோம்."

"சரி" என்றான் தம்பி.

கல்லா காலியாக இருந்தது. பின்னறையில் இஸ்திரியக்கா மட்டும் தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவ எங்கே?"

"இந்நேரம் ரயில் ஏறியிருக்கும், புருஷனோட."

"புருஷனா! கல்யாணமே இன்னும் ஆகலையே!"

"ஆயிடுச்சு, பெரிய தம்பி. பத்து மணிக்கு, ரெண்டு போதகரும் சேர்ந்து நின்னு நடத்தி வெச்சாங்க."

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே!"

இஸ்திரியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கல்யாணக் கவுனும் கையில பூச்செண்டுமா பொண்ணு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து அஞ்சு நிமிஷம் நின்னுச்சு. 'முக்கியமாப் பேசிக்கிட்டிருக்கோம்ல, ஓரமாப் போம்மா'ன்னு வாசல் வரைக்கும் வழி விட்டதே நீங்கதானே?"