இரண்டு இளவரசர் உள்ள நாடு

கூச்சக்காரன் வாயைத் திறக்காதவரை குடும்பத்துக்கு ஆபத்தில்லை. மூலைக் கடையில் பால் வாங்கினால் 'மெர்சி' என்ற ஒரு நன்றியோடு முடித்துக்கொள்கிற நான், மகளின் கலியாணப் பேச்சன்று மட்டும் வாயைத் திறந்தேன்.

பல்கலைக்கழகத்தில் மகள் தானே பார்த்துக்கொண்ட பெடியன். தாய் தகப்பனோடு பக்கத்து நகரமான லவாலிலிருந்து எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டுக்கு வந்திருந்தான்.

"தம்பி, என்ன படிக்கிறீர்?"

"அந்தோராவின்ர அரசியலமைப்பு வரலாறு, மாமா."

(நான் அகதியாக வந்தபோது ஏஜென்சிக்காரன் என்னை அரை உலகம் சுற்றிக் கூட்டி வந்தவன். அதில் அந்தோரா வரவில்லை.)

"அங்க ஆர் ராசா?"

"ரெண்டு இளவரசர். ஒருத்தர் ஸ்பெயினில இருக்கிற பிஷப். மற்றவர் பிரான்ஸ் ஜனாதிபதி."

எனக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது. என் அகதி விசாரணையில் அதிகாரி ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் பொய்யா மெய்யா என்று பார்த்தார். அந்த வித்தை ஒன்றுதான் எனக்குத் தெரியும். அவன் பலகாரத் தட்டிலிருந்த ரோல்ஸைக் கடிக்கும் நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அந்தப் பிஷப் பாரிசில எவ்விடம்?"

அவன் அவசரமாக விழுங்கினான். "ஸ்பெயினில, மாமா."

"சனம் வோட்டுப் போட்ட ஜனாதிபதி எப்பிடி இன்னொரு நாட்டில இளவரசன்?"

"முந்தி ஒரு பிரபுவும் பிஷப்பும் அந்த இடத்துக்குச் சண்டை பிடிச்சு, பேந்து பங்கு போட்டவை. பிரபுவின்ர பங்கு கலியாணம், வாரிசு எண்டு கைமாறி பிரான்ஸ் அரசரிட்டப் போனது. பேந்து ஜனாதிபதிக்கு வந்தது. இப்ப ரெண்டு பேரும் வெளியில இருந்து கையெழுத்து மட்டும்தான்."

"நாடு சீதனமா வந்ததெண்டு சொல்லுறீர்?"

"அப்பா!" என்றாள் மகள்.

நான் எழும்பியே விட்டேன். "ரெண்டு ராசா, ரெண்டு பேரும் ஊரில இல்லை! இப்பிடியொரு நாடு இல்லை. இவர் படிக்கவும் இல்லை!"

மனைவி தேத்தண்ணித் தட்டோடு உறைந்து நின்றாள். மகளின் கண் கலங்கியது. கலியாணம் முடிந்தது, தொடங்காமலே.

அப்போது பெடியனின் தாய் மெல்லச் சொன்னார்: "அண்ணை, எனக்கும் கனகாலமா இதே சந்தேகம்தான். கேக்கப் பயத்தில இருந்தனான்."

தகப்பனும் தலையாட்டினார். "நானும்தான்."

பெடியன் திகைத்து எங்கள் மூவரையும் பார்த்தான். மகள் கைபேசியை என் மூக்கடியில் நீட்டினாள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே ஒரு பொட்டு. விரலால் பெருப்பித்தேன். நாடு இருந்தது. முதலில் சிரித்தது அந்தத் தாய்தான். பிறகு மகளும் சிரித்தாள். கலியாணம் பிழைத்தது.

இன்று நானும் சம்பந்தியும் மகள் வீட்டுக்குப் போனால், "ரெண்டு இளவரசரும் வந்திட்டினம்!" என்று அவள் உள்ளே குரல் கொடுப்பாள். பேரனுக்குப் பெயரை மகளும் மருமகனுமே வைத்துவிட்டுத்தான் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் லவாலில் இருந்தும் நான் செயின்ட்-மிஷேலில் இருந்தும் சம்மதம் கொடுத்தோம்.

(அந்தப் பிஷப் விஷயத்தில் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது.)