வீட்டுக்காரர் உட்கார்ந்தார், பால் பொங்கியது

விஞ்ஞானம் படித்தவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவது ஆபத்தான காரியம். மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்களைக் குடிவைத்த புட்டஸ்வாமி இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டார்.

சுதந்திரம் வந்த புதிது. நாட்டை முன்னேற்றும் பொறுப்பு மொத்தமும் தன் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று நம்பிய சயன்ஸ் டீச்சர் நான். (அப்போது எனக்கு அறிவைவிட வாய் நீளம்.)

காய்கறிக் கழிவைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதைப் புளிக்கவைத்து எரிகிற வாயுவைத் தரும் என்று படித்திருந்தேன். விடுவேனா? கொல்லையில் தொட்டி கட்டினேன். தேவராஜ மார்க்கெட்டில் எறிகிற கோஸ் இலையைக் கொட்டி, பாலுக்கு உறைமோர் விடுவதுபோலக் கொஞ்சம் சாணக் கரைசல் விட்டு, ஒரு இரும்பு டிரம்மை அதில் கவிழ்த்தேன். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்ப வேண்டும். எழும்பவும் செய்தது. அதற்கு முன்பே நாற்றம் எழும்பிவிட்டது.

“என்ன டீச்சரம்மா இது வாசனெ! எங்க மனெயிலே யாரும் ஊட்டா பண்ண முடியலெ, சோறே இறங்கலெ. டிரம்மை எடுங்க, இல்லே மனெ காலி பண்ணுங்க. அஷ்டே!” என்றார் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த புட்டஸ்வாமி, கன்னடம் கலந்த தமிழில்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஞாயித்துக்கிழமை வாங்க. இதுலயே உங்களுக்குக் காப்பி போட்டுத் தரேன். பால் பொங்கலேன்னா நாங்களே காலி பண்றோம்!”

என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. மைசூரில் வேறு வீடு கிடைப்பது அன்று அவ்வளவு கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்போதே புட்டஸ்வாமி எங்கள் சாமானை ஏற்ற ஒரு கைவண்டிக்காரனோடு காத்திருந்தார். கொல்லையிலேயே, டிரம்மிலிருந்து வரும் ரப்பர் குழாயை அடுப்பில் மாட்டி, பாலை ஏற்றிப் பற்றவைத்தேன். பொட்டு அளவு நீலச் சுடர். பால் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

“எஸ்தர், சாமான் கட்டட்டுமா?” என்றார் கணவர், மெதுவாக.

“டிரம்மு வெளியே போற வரைக்கும் நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன்!” என்று கத்திய புட்டஸ்வாமி, சத்தியாக்கிரகிபோல அந்த டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நல்ல கனத்த சரீரம் அவருக்கு. ‘புஸ்’ஸென்று அடுப்பில் நெருப்பு சீறிக்கொண்டு எழுந்தது! அப்போதுதான் என் மரமண்டையில் உறைத்தது: வாயு போதுமான அளவு இருந்தது, அதை அழுத்தித் தள்ளத்தான் டிரம்மில் பாரம் இல்லை.

“எழுந்திருக்காதீங்க!” என்று அலறினேன்.

வாயு எரிய எரிய டிரம் தொட்டிக்குள் இறங்கியது. கூடவே வீட்டுக்காரரும் இறங்கினார்.

“அய்யோ டீச்சரம்மா, முழுகறேன்!”

“பால் இன்னும் பொங்கலே, கொஞ்சம் பொறுங்க!”

கோஸ் கரைசல் அவர் வேட்டியைத் தொட்டபோது பால் பொங்கி வழிந்தது. நான் குதித்தேன், கணவர் கை தட்டினார். கைவண்டிக்காரனும் விசிலடித்தான். உட்கார்ந்த இடத்திலேயே புட்டஸ்வாமிக்குக் காப்பி கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. எங்க மனெயிலும் ஒண்ணு கட்டிக்கொடுங்க,” என்றார்.

கட்டிக்கொடுத்தேன், மேலே வைக்க இரண்டு பாறாங்கல்லோடு. இருந்தாலும் அடுப்பு மந்தமானால் அவர் மனைவி தெருவுக்கே கேட்கும்படிக் கணவரைக் கூப்பிடுவார்:

“ரீ, பால் காயலெ! வந்து உட்காருங்க!”

எங்கள் வீட்டில் இன்றும் சிலிண்டர் தீரும் நேரத்தில், யார் சமைத்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.