மட்டன் வாங்கப் போன மெக்சிகோ

நான் இதுவரை இரண்டு தடவை வெளிநாடு போயிருக்கிறேன். முதல் தடவை விமானத்தில், பேன்ட் சட்டை ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, அமெரிக்காவுக்கு. இரண்டாவது தடவை நடந்து, லுங்கியோடு, ஆட்டுக்கறி வாங்க. இரண்டாவதாகப் போனதும் வெளிநாடுதான் என்பது போய்ச் சேர்ந்த பிறகே எனக்குத் தெரியவந்தது.

எனக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பைப், மோட்டார் விற்கிற கடை. என் தங்கை மலர் கணக்கு டீச்சர். உள்ளூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தவள், அமெரிக்காவில் யாருமே வேலைக்குப் போகாத ஊர்களுக்கு டீச்சர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டாள். கிடைத்துவிட்டது. டெக்சாஸில் பாலைவனத்தின் கடைக்கோடி. மேல்மலையனூர் அமாவாசை பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களை இறக்கிவிட்டால் அந்த ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் வரும். பள்ளிக்கூடம் என்பது இரண்டு அறை. கடை கண்ணி வேண்டுமென்றால் காரில் அரை நாள்.

அவளைப் பார்க்கத்தான் போனேன். காரில் அழைத்துப் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் பாறை, முள்ளு, மறுபடி பாறை.

"பாப்பா, இத்தப் பாக்கவா நான் ரெண்டு ப்ளைட் மாறி வந்தேன்? நம்ம செஞ்சிக்கோட்ட ராஜகிரி மலைய கொஞ்சம் காயவெச்ச மாரி இருக்குது."

"சும்மா வாண்ணா. இங்க சில விஷயம் முக்கியம், சொல்றேன் கேட்டுக்க" என்று அவள் ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். (முக்கியமான விஷயம் என்று யார் ஆரம்பித்தாலும் எனக்குத் தூக்கம் வரும். கல்யாணத்தன்று ஐயர் மந்திரம் சொன்னபோதும் இதே கதைதான்.)

விழித்த பிறகு காதில் விழுந்த ஒன்று மட்டும் பதிந்தது. மலரின் ஒப்பந்தம் முடியப்போகிறது. நீட்டிப்பதா, வேண்டாமா என்று பள்ளிக் கமிட்டி அந்த வாரம் முடிவெடுக்க வேண்டும். அவளுக்கு முன்னால் வந்த டீச்சர்கள் எல்லாரும் ஒரு வருஷம் தாங்காமல் ஓடியிருக்கிறார்கள். இவளும் ஓடிவிடுவாள் என்று கமிட்டிக்குப் பயம். இந்த நேரம் பார்த்து அண்ணன்காரன் வருகிறான் என்றதும், தங்கையைத் திருப்பிக் கூட்டிப்போகத்தான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

"அப்படி ஒண்ணும் இல்லன்னு காட்டணும்ணா. நாளைக்கு நைட்டு கமிட்டிக்காரங்க அஞ்சு பேரையும் சாப்பிடக் கூப்ட்டுருக்கேன். பசங்க இப்பதான் அல்ஜீப்ராவே புரியுதுன்னு சொல்லுதுங்க. இந்த நேரத்துல வுட்டுட்டு வர எனக்கு மனசே இல்ல."

"இன்னா சமைக்கப்போற?"

"புளிசாதம், உருளைக்கெழங்கு."

எனக்கு மானமே போய்விட்டது. செஞ்சி வெள்ளிக்கிழமை சந்தையில் ஆடு பார்த்து வளர்ந்த குடும்பம், விருந்துக்குப் புளிசாதமா? மட்டன் கொழம்பு என் பொறுப்பு என்று அறிவித்தேன். இங்கே ஆட்டுக்கறி கிடைக்காது என்றாள். செஞ்சிக்காரனிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

மறுநாள் விடிந்ததும் அவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் லுங்கி, பனியன், தோளில் துண்டோடு வாக்கிங் கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் நாணல் புதர். விலக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஆடு! ஒன்றிரண்டு அல்ல, ஒரு மந்தை. நடுவில் ஒரு வாய்க்கால், கணுக்காலுக்குத் தண்ணீர்.

இங்கே என் தரப்பு நியாயத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். எங்கள் ஊர் சங்கராபரணி ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். குறுக்கே நடப்போம், கிரிக்கெட் ஆடுவோம், பைக் ஓட்டப் பழகுவோம். ஆற்றைத் தாண்டினால் அக்கரைதான் வரும், வேறு தேசம் வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லை என்றால் முள்வேலி இருக்கும், துப்பாக்கியோடு ஆள் இருப்பான், கொடி பறக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே ஒரு கொக்கு மட்டும்தான் நின்றிருந்தது. அதுவும் என்னைத் தடுக்கவில்லை.

லுங்கியைத் தூக்கிக் கட்டினேன். நடந்தேன். அக்கரை.

ஆட்டுக்காரர் பெரிய தொப்பியும் மீசையுமாக இருந்தார். பெயர் பெப்பே. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆட்டை இரண்டு பேருக்கும் தெரியும். பல்லைப் பிடித்துப் பார்த்தேன், முதுகை அமுக்கினேன், இடுப்பைத் தூக்கி எடை பார்த்தேன். அவர் கண்ணில் மரியாதை தெரிந்தது. நல்ல கிடா ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்தது விலை. எங்கள் பக்கம் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேசமாட்டோம். கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். நானும் பழக்க தோஷத்தில் பெப்பேயின் கையைப் பிடித்தேன், மேலே துண்டைப் போட்டேன், இரண்டு விரலை அழுத்தினேன். அந்த மனுஷர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் கண்ணைச் சிமிட்டி மூன்று விரலை அழுத்தினேன். (விலையை ஏற்றுகிறேனாம்.) அவர் தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் ஏதோ ஊழியத்துக்கு வந்திருப்பதாக நினைத்தார் போல. முடித்துவிட்டு அழாத குறையாக என்னைக் கட்டிக்கொண்டார். ஆட்டுக்கயிற்றையும் கையில் கொடுத்தார்.

வெற்றி! கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஒரு காலை வைக்கப்போனேன்.

"ண்ணா! காலை வெக்காத! அங்கியே நில்லு!"

எதிர்க்கரையில் மலர். என்னைக் காணோம் என்று யாரோ சொல்லி, வகுப்பைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கிறாள்.

நான் காலை மேலே இழுத்துக்கொண்டேன். "இன்னா பாப்பா, மொதலையா?"

"மொதலை இல்ல! அது மெக்சிகோ!"

"எது?"

"நீ நிக்கிற எடம்!"

குனிந்து பார்த்தேன். சாதாரண மண்ணாகத்தான் இருந்தது.

"நேத்து கார்ல அவ்ளோ நேரம் சொல்லிக்கினு வந்தேனே! ஆத்தத் தாண்டாத, அதான் பார்டர்னு!"

"ஆறு எங்க கீது?"

மலர் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் காலாண்ட ஓடுதே, அதாண்ணா ஆறு!"

"சரி, ஒண்ணும் ஆவல. அப்டியே நாலு எட்டு வெச்சி வந்துர்றேன்."

"வந்தின்னா திருட்டுத்தனமா நுழைஞ்சதுன்னு புடிப்பாங்க. டீச்சரோட அண்ணன் பார்டர்ல மாட்டிக்கினான்னு இன்னிக்கே ஊரெல்லாம் தெரிஞ்சிடும். அப்புறம் எனக்கு எவன் வேலை நீட்டிப்பான்? பார்டர் கேட்டு வழியாத்தான் வரணும். பாஸ்போர்ட்ட நான் எடுத்துக்கினு அங்க வரேன்."

"கேட்டு எங்க?"

அவள் கையை நீட்டிய திசையில் மலைக்குப் பின்னால் இன்னொரு மலைதான் தெரிந்தது.

அவள் அங்கிருந்தே பெப்பேயிடம் ஸ்பானிஷில் கத்தி விஷயத்தைச் சொன்னாள், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னையும் கிடாவையும் தன் லொடலொட லாரியில் ஏற்றிக்கொண்டார். ரோடு என்று ஒன்று இல்லை. நான் குதித்த குதியில் லுங்கி அவிழ்ந்தது, மடியில் இருந்த கிடா அதை மேய ஆரம்பித்தது. பொழுது சாயும் நேரத்தில் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது என்னிடம் முக்கால் லுங்கி மிச்சம் இருந்தது.

ஆடு உள்ளே வரக்கூடாது என்றார்கள். பெப்பேயிடமே ஒப்படைத்தேன். அதிகாரி, மலர் கொடுத்திருந்த என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ஏதேதோ கேட்டார். எல்லாவற்றுக்கும் "மட்டன் சார்" என்றேன். கடைசியில் பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார்.

வெளியே வந்தால் மலர் மட்டும் இல்லை, ஊரே நின்றது. அந்தப் பாலைவனத்தில் ஒருவன் காணாமல் போனால் எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போவது வழக்கமாம். (இருப்பதே கொஞ்சம் பேர், ஒருவர் குறைந்தாலும் தெரியும்.) விஷயம் தெரிந்த பிறகும் யாரும் திரும்பிப் போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் இருந்தார்கள். மலரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. போச்சு, தங்கை வேலையை ஆட்டுக்குக் கொடுத்தாச்சு என்று நினைத்தேன்.

கமிட்டித் தலைவி ரோசா, வெள்ளை முடி, ஆறடி உயரம். நேராக என் முன்னால் வந்து நின்று, எனக்குப் புரியட்டும் என்று மெதுவான இங்கிலீஷில் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்கள். தங்கையைக் கூட்டிப்போகத்தானே வந்தீர்கள்?"

எனக்குத் தெரிந்த மொத்த இங்கிலீஷையும் திரட்டினேன்.

"நோ மேடம். ஒன்லி மட்டன்."

ரோசா என் முகத்தையே பார்த்தார். அப்புறம் என் லுங்கியில் ஆடு கடித்த ஓட்டையைப் பார்த்தார். இந்த முகத்துக்குப் பொய் சொல்கிற அளவு திறமை கிடையாது என்று தோன்றியிருக்க வேண்டும். சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த வழியில்லாமல் தன் லாரிமேல் சாய்ந்துகொண்டார்.

மலர் பாத்திரத்தோடு கொண்டுவந்திருந்த புளிசாதத்தை அதே லாரியின் பின்கதவைத் திறந்து வைத்துப் பரிமாறினாள். ஐந்து பேரும் இருக்கிறார்களே, தனியாக எதற்குக் கூட்டம் என்று அங்கேயே ஓட்டெடுத்தார்கள். ஒருவர் மட்டும் கை தூக்குமுன் ஒரு கேள்வி கேட்டார்: "அடுத்த வருஷமும் உங்கள் அண்ணன் வருவாரா?"

"வரமாட்டார்" என்று மலர் சத்தியம் செய்தாள். ஐந்து கைகளும் உயர்ந்தன.

மலர் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். வேகம், தூரம் பாடம் வரும்போதெல்லாம் பரீட்சையில் ஒரு கேள்வி கேட்கிறாள்: "ஒருவர் ஓர் ஆற்றைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர ஒரு பகல் முழுவதும் ஆகிறது. காரணம் கூறுக." பிள்ளைகள் எழுதும் பதில்களை எங்கள் குடும்ப வாட்ஸாப்பில் போடுவாள். இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், என்னைப் பார்த்தே இராதவள், "அவர் தன் தங்கை பேசும்போது தூங்கியிருப்பார்" என்று எழுதி முழு மார்க் வாங்கிவிட்டாள்.

என் மனைவி அந்தக் கேள்வியையும் பதிலையும் தமிழில் எழுதி, பிரிண்ட் போட்டு, கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள் படித்துவிட்டு, "இன்னாண்ணே இது?" என்கிறார்கள்.

"ஒனக்கு பைப் எத்தினி அடி வேணும், அத்த சொல்லு" என்கிறேன்.