என் விண்ணப்பமும் அவரது கையெழுத்தும்

கையெழுத்து அழகாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அழகாக எழுதுகிறவர்கள் இதை நம்புவதில்லை. நான் நம்பினேன். நம்பாமல் எனக்கு வேறு வழியும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கன்னியாஸ்திரிகள் பன்னிரண்டு வருடம் என் விரல்களில் அடிமட்டத்தால் தட்டியும் திருந்தாத எழுத்து அது. பிறகு மருத்துவம் படித்தேன். டொக்டர் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் மன்னித்துவிட்டார்கள்.

அந்த எழுத்தை மறைக்கப் போய், சுவிட்சர்லாந்தில் ஒரு நேர்முகத் தேர்வில் நான் பட்ட அவமானத்தை இப்போது ஒப்புக்கொள்ளப் போகிறேன். (என் கணவர் இதை வாசித்தால், "அவமானப்பட்டது நீரோ, நானோ?" என்று கேட்பார். கேட்கட்டும்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் பீல் நகரத்தில் இருந்தோம். ஊரில் இரண்டு வருடம் டொக்டராக இருந்த நான், அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் தட்டுக் கழுவினேன். இவர் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் பெட்டி கட்டினார். கடிகாரம் பூட்டுகிற மேசையில் உட்கார வேண்டும் என்பது இவருடைய ஆசை. வருடம் தவறாமல் அங்கே மேற்பார்வை பார்க்கும் போர்மனிடம் போய்க் கேட்பார். அவரும் வருடம் தவறாமல் இவரின் தோளில் தட்டி, "உன்னைப்போல் பெட்டி கட்ட ஆளில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

நான் விழுந்தெழும்பி ஜெர்மன் படித்து முடித்திருந்தேன். ஏதாவதொரு மருத்துவமனை ஏற்றுக்கொண்டால் பயிற்சி மருத்துவராக வேலை செய்யலாம் என்று மாநில அலுவலகம் கடிதமும் தந்திருந்தது. ஏற்றுக்கொள்ளத்தான் ஆளில்லை. தட்டச்சில் அடித்து அனுப்பிய விண்ணப்பங்கள் எல்லாம் "வருந்துகிறோம்" என்ற சொல்லோடு திரும்பி வந்தன. இதற்கிடையில் முதியோர் இல்லத்தில் என் வேலையில் மகிழ்ந்துபோய், சமையலறைப் பொறுப்பாளர் பதவியை நிரந்தரமாகத் தருகிறோம், மாத முடிவுக்குள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுங்கள் என்றார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் கையொப்பமிட்டால் இனி நான் டொக்டர் இல்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. பயிற்சி மருத்துவர் தேவை. எங்களிடம் ஏன் வர விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் கைப்பட எழுதி அனுப்பவும்.

கைப்பட என்ற சொல்லை வாசித்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால் பீல் தமிழர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவர் இவர்தான். அகதி விண்ணப்பம், ஊரிலிருந்து குடும்பத்தை எடுப்பிக்கும் விண்ணப்பம், மீன் பொரித்த மணத்துக்கு வீட்டுக்காரரிடம் மன்னிப்பு, எல்லாம் இவர் கையால்தான். அச்சடித்ததுபோல் இருக்கும். ஊரிலும் மனு என்றால் அழகாக எழுதுகிற ஒருவரைக் கொண்டு எழுதுவிப்பதுதானே வழக்கம். விண்ணப்பிக்கிறவரே எழுதினால் அது மரியாதைக் குறைவு. அதனால் எனக்கும் அதில் பிழையாக எதுவும் தெரியவில்லை.

"உம்மட எழுத்தை அனுப்பினால் மருந்துத் துண்டெண்டு நினைச்சு பார்மசிக்குக் குடுத்திடுவாங்கள்," என்றார். "நீர் சொல்லும், நான் எழுதுறன்."

நான் என் துண்டுத்தாளை நீட்டினேன். அதில் நாலே வரி எழுதி வைத்திருந்தேன்.

"இதென்ன தந்தியோ? நாலு வரிக்கு ஆர் இரங்குவினம்?"

"ஆரும் இரங்கத் தேவையில்லை. வேலை தந்தால் காணும்."

"இரங்காமல் இந்த நாட்டில ஆர் என்ன தந்தவை? நான் எழுதின ஒரு கேசும் தோத்ததில்லை, தெரியும்தானே."

(இரண்டு தோற்றிருந்தன. அதற்குக் காரணம் மொழிபெயர்ப்பாளர் என்பது இவருடைய முடிவு.)

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஜெர்மனில் எழுதினார். பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மா என்று தொடங்கி, இரண்டாம் பந்தியில் நான் பிறந்து, மூன்றாம் பந்தியில் இடம்பெயர்ந்து, நான்காம் பந்தியில் "ஆகவே" வந்தது. ஆகவேக்குப் பிறகு இப்படி எழுதியிருந்தார்: "தங்கள் மருத்துவமனை என்னை நிராகரித்தால் எனக்குப் போவதற்கு வேறு இடமில்லை. திருப்பி அனுப்பப்பட்டால் எனக்கு என்ன நேரும் என்று என்னால் சொல்ல முடியாது." இணைப்பாகப் பங்குத்தந்தையின் கடிதமும், கிறிஸ்மஸுக்கு வைத்த நத்தார் மரத்துக்கு முன்னால் எங்கள் மகள் அழுதுகொண்டு நிற்கும் படமும். சிரிக்கும் படம் ஒன்றும் இருந்தது. அதை இவர் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்.

நான் மறுத்திருக்க வேண்டும். படித்தவள்தானே. ஆனால் அந்த அழகான எழுத்தில் என் கதையை வாசித்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடியில் கையொப்பமிட்டேன்.

பத்து நாளில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. "பாத்தீரோ?" என்றார் இவர். லீவு போட்டு, கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, துணைக்கென்று கூடவே வந்து கதவுக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே இரண்டு பேர். தலைமை மருத்துவர் ஐம்பது வயதுப் பெண். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். பக்கத்தில், வேலைக்கு ஆள் எடுக்கும் ஆளணி அதிகாரி, கோப்போடு. மருத்துவக் கேள்விகளுக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். பிறகு அந்த அம்மா எங்கள் கடிதத்தைக் கையில் எடுத்தார்.

"நாங்கள் நிராகரித்தால் உங்களை எங்கே திருப்பி அனுப்புவார்கள்?"

"சமையலறைக்கு," என்றேன். வேறென்ன சொல்ல.

அவர் சிரிக்கவில்லை. முந்தின நாள்தான் தபாலில் வந்ததென்று சொல்லி இன்னொரு தாளை எடுத்தார். அந்தக் காலத்தில் இங்கே வேலை கொடுப்பவர்கள், விண்ணப்பித்தவரின் கையெழுத்தை அதற்கென்று உள்ள ஒரு நிபுணரிடம் அனுப்பி, ஆளின் குணத்தைக் கேட்டு அறிவார்களாம். கைப்பட எழுதச் சொன்னது அதற்காகத்தான். எங்கள் ஊரில் சாதகம் பார்ப்பார்கள், இவர்கள் இதைப் பார்க்கிறார்கள். எனக்கு இது அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் தெரிய வந்தது.

அவர் வாசித்தார்: "இதை எழுதியவர் மிகுந்த பொறுமைசாலி. ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்தாலும் சலிக்கமாட்டார். மிகச் சிறிய பொருட்களைக் கையாள்வதில் இன்பம் காண்பவர். எதிர்த்துப் பேசமாட்டார். அவசர நேரத்தில் தடுமாறுவார். மருத்துவப் பணிக்குப் பரிந்துரைக்க முடியாது. கடிகாரம் போன்ற நுண்பொறித் துறைக்கு மிகவும் பொருத்தமானவர்."

முதலில் எனக்குக் கோபம் வந்தது. எதிர்த்துப் பேசமாட்டாளாம், என்னைப் பார்த்து. பிறகுதான் மண்டையில் உறைத்தது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் வெப்பமானியைத் தேடிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கிற மனிதர், அறுந்த சங்கிலியின் வளையத்தை ஊசியால் கோர்த்தபடி ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கழிக்கிற மனிதர், கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார். ஏழு வருடம் குடும்பம் நடத்தி நான் கண்டுபிடித்ததை அந்த நிபுணர் ஒரு பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், மூக்கால் வந்துவிட்டது.

"எதற்குச் சிரிக்கிறீர்கள்?"

இனிப் பொய் சொல்லிப் பயனில்லை. "எழுதியது என் கணவர். வெளியே இருக்கிறார். கடிகாரத் தொழிற்சாலையில்தான் வேலை."

ஆளணி அதிகாரி கோப்பை மூடினார். "அப்படியானால் இது மோசடி," என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தலைமை மருத்துவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். கையில் தாளோடு ஓர் அதிகாரியைக் கண்டதும் இவர் விறைத்து எழுந்து நின்றார். "இதை எழுதியது நீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். அதிகாரி, தாள், கேள்வி மூன்றும் ஒன்றாக வந்தால் இவருக்குத் தெரிந்த பதில் ஒன்றே ஒன்றுதான். அகதி விசாரணைக்காக மனப்பாடம் செய்த ஜெர்மனில் தொடங்கிவிட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்தார், கொழும்பில் ஒளிந்தார், எங்கெங்கோ விமானம் மாறினார். நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன், எழுந்துபோய்க் காலை மிதித்தேன். மிலானில் ரயில் ஏறும்வரை அவரை நிறுத்த முடியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு எங்கள் இருவரையும் உள்ளே இருத்தி, என் முன்னால் ஒரு வெற்றுத்தாளை வைத்தார். "ஏன் வர விரும்புகிறீர்கள்? இப்போது, உங்கள் கையால்."

எனக்கு நினைவில் இருந்தது அந்த நாலு வரிதான். எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். என்னிடமே திருப்பித் தந்து, "வாசியுங்கள்," என்றார்.

"நான் ஒரு டொக்டர். முதியோர் இல்லத்தில் திரும்பி வரும் தட்டுகளைக் கழுவும்போதே யாருக்கு விழுங்க முடியவில்லை, யாருக்கு நோய் கூடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. தட்டுக் கழுவுகிறவள் அதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சொன்னால் கேட்கிற இடத்தில் இருக்க விரும்புகிறேன்."

மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. அதற்கு நான் இன்றும் வெட்கப்படவில்லை.

அந்த அம்மா இவரைப் பார்த்து, "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

இவர் நிலத்தைப் பார்த்தபடி, "அதில் துயரம் போதவில்லை," என்றார்.

அப்போதுதான் அவர் சிரித்தார். நாங்கள் புறப்படும்போது நிபுணரின் அறிக்கையை இவரிடம் நீட்டி, "இது உங்களைப் பற்றியது. நீங்களே வைத்திருங்கள்," என்றார். எனக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாமலே வெளியே வந்தோம்.

பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். இவர் அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தார். "என்னைப் பற்றி ஒருத்தரும் இப்பிடி நல்லதா எழுதினதில்லை," என்றார்.

திங்கட்கிழமை அந்த அறிக்கையைப் போர்மனிடம் கொண்டுபோய்க் காட்டினார். நிபுணரின் முத்திரையும் ஒப்பமும் உள்ள தாள். எதிர்த்துப் பேசமாட்டார் என்ற வரி போர்மனுக்கு நன்றாகப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கிழமை முடிவதற்குள் இவர் கடிகார மேசையில் உட்கார்ந்துவிட்டார். என் விண்ணப்பத்துக்கு இவருக்கு வேலை. நான் இன்னும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது எனக்குக் கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். ஒரு நிபந்தனை: நோயாளர் அறிக்கைகளை ஒலிநாடாவில் பேசித் தரவும், கையால் எழுத வேண்டாம். ஆறு மாதம் நீண்டு நீண்டு, அங்கேயே எனக்குத் தலை நரைத்தது.

போன வருடம் எங்கள் மகள் மருத்துவம் முடித்து, பயிற்சி மருத்துவர் இடத்துக்கு விண்ணப்பம் எழுதக் கணினியின் முன்னால் இருந்தாள். ஏன் இந்தத் துறை என்று ஒரு பக்கம். இவர் பேனையோடு போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, நான் ஒருக்கா எழுதித் தரட்டோ?"

அவள் திரும்பியும் பார்க்கவில்லை. "வேண்டாம் அப்பா. நீங்கள் பென்சன் எடுத்த ஆள். இந்த வயசில ஆஸ்பத்திரி வேலை உங்களுக்கு ஏலாது."