உதைத்தது யார் என்று ஹோண்டுராஸில் கேட்டுச் சொல்லவும்

பிள்ளையார்பாளையம்,
தை மாதம், 1971

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பகுதி ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, கால்பந்துக் குழுச் செயலாளர் அர்ஜுனன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே தறியும் மற்றவர்களும் நலம். மகன் கல்யாணம் ஒன்றுதான் நலமில்லை.

ஹோண்டுராஸ் தேசத்து எவாரிஸ்தோ லாகோஸ் ஆட்டக்காரராயிருந்து, முழங்கால் உடைந்து, மேனேஜரான கதையைப் போன வாரம் போட்டிருந்தீர்கள். அதில் 1970ஆம் வருஷம் அவர் ஓய்விலிருந்தார் என்று இருக்கிறது. ஓய்வா? அவர் எங்களுக்கு மேனேஜராக இருந்தார் ஐயா. அங்கே தோற்ற கோபத்தில் கப்பலேறியவர், மதராஸில் கப்பல் பழுதாகி நின்றபோது கோயில் பார்க்க எங்கள் காஞ்சிபுரத்துக்கு வந்தார். நாங்கள் விடவில்லை. அவர் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பாஷை அவருக்குத் தெரியாது. அதனால் சண்டையே வரவில்லை, வரிசையாக ஜெயித்து இறுதியாட்டத்துக்கே வந்துவிட்டோம்.

எதிரணி சின்ன காஞ்சிபுரம். இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிகிற நேரத்தில், வைகாசி உற்சவமாதலால், பெருமாள் வாகனத்தில் மைதானத்து ஓரமாக எழுந்தருளிவிட்டார். நாங்கள் சைவர்கள்தான், ஆனாலும் வாசலுக்கு வந்த சாமியிடம் அதெல்லாம் பார்ப்பதில்லை, எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம், ரெஃப்ரியும் கைகூப்பிவிட்டதால் விசில் ஊத ஆளில்லை, அவர்கள் கோல்கீப்பர் வரதராஜன் சாஷ்டாங்கமாக விழுந்தே விட்டான். சாமி போனதும் பார்த்தால் பந்து வலைக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்றவன் என் மகன் குமாரவேல். லாகோஸ் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். அதுவே சாட்சியாகிவிட்டது. மறுநாள் அவரை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பிவிட்டது.

பையனைக் கேட்டால், "நான் கண்ண மூடிக்கினு இருந்தேன்பா. கால் என்னா பண்ணுச்சோ எனக்குத் தெரியாது" என்கிறான். கேடயம் தீர்ப்பாகாமல் ரெஃப்ரி வீட்டில் அரிசிப் பானையை மூடிக்கொண்டிருக்கிறது. இப்போது பெண்ணின் அப்பா, மாகறல் திருஞானசம்பந்தம், தட்டு மாற்ற வரமாட்டேன் என்கிறார். "சாமி வர்ற நேரத்துல கால தூக்கினவனுக்கு எப்பிடிபா பொண்ண தர்றது?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

அன்று கண்ணைத் திறந்திருந்தவர் லாகோஸ் ஒருவர்தான். சாமி எவ்வளவு தூரம் போனார் என்று நான் லேசாகப் பார்த்தபோது கவனித்தேன். அவருக்கு எழுதிக் கேட்டு, பந்து காற்றில்தான் உருண்டது என்று அவர் வாயால் பத்திரிகையில் போட வேண்டும். ஆள் உதைக்காமல் போனது கோல் ஆகாது என்று ரெஃப்ரி கறாராகச் சொல்கிறார். கேடயம் போகட்டும். செயலாளருக்குக் கேடயம் வேண்டும், தகப்பனுக்குக் கல்யாணம் வேண்டும், தகப்பன்தான் ஜெயித்தான்.

ஏகாம்பரநாதரும் பெருமாளும் சேர்ந்தே உங்கள் பத்திரிகையைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அர்ஜுனன்

பி.கு: உறையை ஒட்டப் போகும்போது மாகறலிலிருந்து ஆள் வந்தது. பெண் மங்கையர்க்கரசி தன் அப்பாவிடம், "அவரு ஒதைக்கலன்னா எனக்கு வேணாம்பா. ஊரே கண்ண மூடிக்கினு நிக்கும்போது ஒருத்தராவது வேலையப் பாத்தாரே" என்று சொல்லிவிட்டாளாம். ஆகவே காற்று வேண்டாம். குமாரவேல்தான் உதைத்தான். வலது காலால் என்று போடவும். இடது கால் என்றால் சம்பந்தி சகுனம் பார்ப்பார்.