என் பேருல ஒண்ணுமில்லீங்க

ஊருக்கு நாலு பேராவது இந்த ரகத்தில் இருப்பார்கள். வீடு, கார், மெயின் ரோட்டில் மனை என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். பிறகு எவனாவது கேஸ் போட்டுவிடுவானோ என்ற பயத்தில் ஒவ்வொன்றாக அடுத்தவர் பேருக்கு மாற்றிவிட்டு, முற்றும் துறந்தவரைப்போல் கையை விரித்து, "என் பேருல ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். நீங்கள் பார்த்ததில்லையா?

பெரம்பலூரில் இரும்புக்கடை வைத்திருக்கும் குருநாதன் இதில் அசல் ரகம். மாடி எடுக்கத் தூண் போடுவதற்காகப் பொக்லைன் விட்டுத் தோண்டியதில், பக்கத்து வீட்டு ஜெயப்பிரகாஷின் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. அவர் கோபத்தில், "கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்றார். அவ்வளவுதான். குருநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. சுவரைக் கட்டிக் கொடுத்துவிடலாமே என்கிறீர்களா? அப்படித் தோன்றினால் அவர் ஏன் குருநாதன்?

வக்கீலைக் கேட்டால் கூடாது என்பாரோ என்று டீக்கடையில் யோசனை கேட்டார். கார் அரியலூர் மச்சான் பேருக்குப் போனது. வீடு, தானமாக, மனைவி அமிர்தவல்லி பேருக்குப் போனது. "இனிமே கேஸ் போட்டா இந்தச் சட்டையத்தான் கழட்டிக்கணும்" என்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நின்று சிரித்தார். மச்சான் அந்தக் காரில் குடும்பத்தோடு கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார். குருநாதன் எங்கே போனாலும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். அப்போதும் அவருக்குத் தன் சாமர்த்தியத்தில் பெருமைதான்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தால், மாடிக்கு இறக்கிய செங்கல்லும் சிமெண்ட்டும் ஜெயப்பிரகாஷ் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கொத்தனார் அங்கே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"யாரைக் கேக்கணும்?" என்றாள் அமிர்தவல்லி. "வூடு என்னுது. தோண்டி அவங்க செவுத்தக் கெடுத்தது நாமதான். நானே பக்கத்து வூட்டு அண்ணன்கிட்டப் பேசிட்டேன். கேஸ் இல்லன்னுட்டாரு."

"அப்ப என் மாடி?"

"உங்களுக்கு ஏதுங்க மாடி?"

அவள் சிரிக்காமல்தான் கேட்டாள். குருநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே வக்கீலிடம் ஓடினார். கொடுத்ததைத் திரும்ப வாங்க வழி உண்டா?

"கஷ்டங்க. வேணும்னா ஒரு கேஸ் போட்டுப் பாக்கலாம்" என்றார் வக்கீல். "உங்க சம்சாரம் மேல."

சிரித்தது போதும். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்து அதில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். வேறு பேராக இருந்தால், அந்தப் பேருக்குரியவரிடம் இன்றிலிருந்து கொஞ்சம் பணிவாகப் பேசிப் பழகுங்கள். இதை எழுதுகிறவன் பழகிவிட்டான்.