வரப்போகிற ஃபோர்ட்ரான்

எங்கள் பக்கத்தில் பெண் குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே அவள் கல்யாணத்துக்கென்று பித்தளைக் குடம் வாங்கிப் பரணில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது அல்ல. பாதியை ஊரின் பேரில் எழுதிவிடலாம்.

மீதிப் பாதி என் சுபாவம். என் மகள் வள்ளிக்கு நான் எடுக்கும் கவுன் எல்லாம் இரண்டு அளவு பெரியது. (வளருவாள் அல்லவா?) முதல் பிறந்தநாள் படத்தில் பிள்ளையைக் காணோம், கவுன் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். அந்தச் சந்தேகம் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை என்பதுதான் கதை.

கணக்கில் பட்டம் வாங்கிய எனக்குக் காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. உப்புக் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று துறைத்தலைவர் கணபதி சார் ஆராய்வார். அதற்கான கணக்கைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் ஃபோர்ட்ரான் மொழியில் நான் எழுதுவேன். கூட வேலை பார்க்கும் மும்தாஜ் அதை வரிக்கு ஓர் அட்டையாக எந்திரத்தில் ஓட்டை போட்டுக் கொடுப்பாள். கம்ப்யூட்டர் இருந்தது மெட்ராஸில். (அடுப்பு அங்கே, இலை மட்டும் இங்கே.) வாரம் ஒருமுறை எங்கள் ஆள் ஒருவர் அட்டைக் கட்டோடு ரயிலேறுவார், விடைகள் தலையணை கனத்தில் காகிதமாகத் திரும்பி வரும்.

என் வேலை தற்காலிகம். "டெல்லிக் கூட்டத்துக்கு இந்தக் கணக்கு மட்டும் சரியா வந்துரட்டும்மா, உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நானே எழுதுறேன்" என்று சார் சொல்லியிருந்தார். பழைய புரோகிராம் தயாராகவே இருந்தது. புதிய அளவுகளைச் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் கப்பல் தபாலில் அந்த வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பத்திரிகை வந்து தொலைந்தது.

ஃபோர்ட்ரானின் அடுத்த பதிப்பில் என்னென்ன புதிய வசதிகள் வைக்கலாம் என்று அதில் ஒரு கட்டுரை. அன்றைய ஃபோர்ட்ரானில் ஒரு முடிவெடுக்க வேண்டுமென்றால், அங்குட்டுப் போ, அங்கிருந்து இங்குட்டுத் தாவு என்று வரிக்கு வரி எண் போட்டு விரட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளைப் போல, ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில்தான் வெளியே வரலாம். புதிய பதிப்பிலோ, 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய், முடிந்தது' என்று மனுஷர் பேசுவது போலவே எழுதலாமாம்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வீட்டில் மாமியாரிடம் சொன்னேன்.

"புளி இருந்தா ரசம், இல்லேன்னா மோரு. இதச் சொல்றதுக்கு வெள்ளக்காரனுக்கு இம்புட்டு நாளாச்சாக்கும்?" என்றார் அத்தை.

கட்டுரையின் தலைப்பிலேயே 'பரிசீலனையில் உள்ளவை' என்று தெளிவாகப் போட்டிருந்தது. படித்தேன். ஆனால் எங்கள் ஊரில் பெண் கேட்டு வந்துவிட்டாலே பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. தவிர, பத்திரிகை கப்பலில் வந்து சேர எத்தனையோ மாதம். அதற்குள் பரிசீலித்து முடித்திருக்க மாட்டார்களா? புதியது வந்த பிறகும் பழையதில் எழுதி அனுப்பினால், 'கைப்பிள்ளைக்காரி, நாட்டு நடப்பு தெரியவில்லை' என்று சொல்லிவிட்டால்?

முழுப் புரோகிராமையும் வரப்போகிற ஃபோர்ட்ரானில் திருத்தி எழுதினேன்.

"என்னக்கா, புதுசா இருக்கு?" என்றாள் மும்தாஜ்.

"இனிமே இப்படித்தான்."

"நீங்க சொன்னாச் சரியாத்தான்க்கா இருக்கும்." (இந்த வாக்கியத்தைச் சொல்லி என் வாழ்க்கையில் யாரும் உருப்பட்டதில்லை.)

புதிய கட்டு மெட்ராஸுக்குப் போனது. பழைய கட்டு இனி எதற்கென்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். நல்ல கெட்டி அட்டை, எதற்காவது ஆகும்.

அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து வந்தது தலையணை அல்ல, அப்பளம். நாலைந்து தாள். நான் கலங்கவில்லை. புதிய பதிப்பு அல்லவா, சுருக்கமாகச் சொல்லியிருக்கும்! கணபதி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பிரித்தார். நான் எழுதிய வரிகளும், ஒவ்வொன்றின் கீழும் 'புரியவில்லை' என்ற கம்ப்யூட்டரின் புலம்பலும்தான் இருந்தன.

"ஏம்மா, இது எந்த ஊரு ஃபோர்ட்ரான்?"

"புது ஃபோர்ட்ரான் சார்."

"எப்ப வந்துச்சு?"

"வந்து… வரப்போகுது சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் அழுதிருப்பேன். அவரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாயங்கால ரயிலுக்குப் பழைய கட்டு போயாகணும். இதை விட்டா டெல்லிக்கு முன்னால வேற ஆளு போகல. எங்க இருக்கு?"

"வீட்டுல சார். பத்திரமா."

மும்தாஜும் கூட வந்தாள். வாசலிலேயே புரிந்துவிட்டது. அத்தை ஓர் அட்டையைக் கவிழ்த்துப் பிடித்து, ஓட்டைகள் வழியே மாவைத் தட்டிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்த்திருந்தார். புள்ளிகள் கோணல்மாணலாக விழுந்திருந்தன. அந்த வாரம் என் புரோகிராம் ஓடிய ஒரே இடம் எங்கள் வீட்டு வாசல்தான்.

"அத்தே! அந்த அட்டையெல்லாம் என்ன பண்ணுனீக?"

"சும்மா கெடந்துச்சேத்தா. தொட்டிலு காலு ஆடுச்சு, அண்டக் குடுத்தேன். ஊறுகா ஜாடிக்கு மேல ரெண்டு. பக்கத்து வீட்டுல கேட்டாக, ஒரு கை அள்ளிக் குடுத்தேன். ஏன், வேணுமா?"

"என் வேலையே அதுலதான் இருக்கு!"

அத்தை அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். "எம்மருமக அட்டையக் குடுங்கடி! கவர்மெண்டு அட்டை! வச்சிருந்தா வீட்டுக்கு ஆளு வரும்!" என்று அவர் போட்ட கூச்சலில், வாங்கியவர், வாங்காதவர் எல்லாரும் கையில் கிடைத்த அட்டையோடு வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் ரேஷன் கார்டையே நீட்டினார்.

கடைசி அட்டை வள்ளியின் வாயில் இருந்தது. பிடுங்கியதும் அவள் வைத்த அலறலில் நானும் சேர்ந்து அழுதேன்.

ஓரத்தில் வரிசை எண் போட்டிருந்ததால் அடுக்குவது சுலபமாயிற்று. எண்ணெய் பட்டது, மஞ்சள் பட்டது, பல் பட்டது எல்லாவற்றையும், கூடவே புதிய அளவுகளையும் மும்தாஜ் புதிதாக அடித்துக் கொடுத்தாள். ஒரு விடலை மாதிரி ஓடி, ரயில் நகர்வதற்குள் கணபதி சாரே கட்டைச் சேர்த்துவிட்டார்.

தலையணை வந்தது. கணக்கும் சரியாக வந்தது. டெல்லியிலிருந்து திரும்பியதும் சார் எனக்காக எழுதிய சிபாரிசில், 'இவர் காலத்துக்கு முன்னால் செல்லக்கூடியவர்' என்று ஒரு வரி இருந்தது. மேலிடத்தில் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு நிரந்தரம் ஆக்கிவிட்டார்கள்.

அந்தப் புதிய ஃபோர்ட்ரான் இன்னும் மெட்ராஸ் கம்ப்யூட்டருக்கு வந்தபாடில்லை. வள்ளி பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள். ஆனால் எங்கள் வீட்டில் எதற்கும் ஒரு கேள்வி உண்டு. விருந்தாளிக்கு நான் முன்கூட்டியே உலை வைத்தால் என் வீட்டுக்காரர் கேட்பார். பரீட்சையில் முதலாவதாக வருவேன் என்று வள்ளி சொன்னால் அத்தை கேட்பார்: "வந்துருச்சா, வரப்போகுதா?"

போன வாரம் மதியம் நான் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். அத்தை எட்டிப் பார்த்தார். கையிலிருந்தது சின்னஞ்சிறு கவுன். வள்ளிக்கு ஒரு கைகூட நுழையாது.

"என்னத்தா இது? வந்துருச்சா, வரப்போகுதா?"

"வரப்போகுது அத்தே" என்றேன், தலையைத் தூக்காமல்.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, துணியை விரித்து அளந்து பார்த்தார்.

"இம்புட்டுக்காணு தச்சா எப்படி? ரெண்டு அளவு கூட்டித் தையி. வளரும்ல?"